பத்தொன்பதாவது கூடை

பதினெட்டாவது கூடையைக் கவிழ்த்தும் ஒரு முற்றல் இலைகூட விழவில்லை.

சாக்கின்மேல் குவிந்ததெல்லாம் இரண்டு இலையும் ஒரு குருத்தும்தான். கல்யாண வீட்டுக்குக் கிளம்பியதுபோலப் பளபளவென்று இருந்தது தேயிலைக் கொழுந்து.

ஜீவராணிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

இன்று அவளுக்குச் செய்முறைப் பரீட்சை. ஆறு மாதமாக ஞாயிறுதோறும் ஹட்டனுக்குப் போய்ப் படித்த மேற்பார்வையாளர் படிப்பு. வகுப்புக் கட்டணம், பஸ் காசு, கொப்பி, பேனை எல்லாமே கம்பனி செலவு. அந்தத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற பெண் ஒருத்தியைக் கம்பனி படிக்க வைத்தது இதுதான் முதல் தடவை.

தோட்டத்தை நடத்தும் துரை தெளிவாகச் சொல்லியிருந்தார். பரீட்சையில் இவள் சித்தியடைந்தால் அடுத்த வருடம் இன்னும் இரண்டு பெண்களை அனுப்புவார்கள். இல்லையென்றால் திட்டமே இல்லை. ஜீவராணியும் நாளைக் காலை மறுபடி கூடையை மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

இந்தச் செய்தி லயத்து வீடு வீடாகப் பரவியிருந்தது. வினையே அதுதான்.

மத்தியான நிறுவையில் கொழுந்தைச் சோதிக்க வேண்டும். தரமில்லாத இலையைக் கண்டுபிடித்து, பறித்தவரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லி, ஒதுக்க வைக்க வேண்டும். இதுதான் பரீட்சை. நகரத்திலிருந்து வந்திருந்த பரீட்சகர் யோகேஸ்வரன், மூடி கழற்றிய பேனையோடு, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் துரையின் பக்கத்தில் காத்து நின்றார்.

பெண்களோ, ஜீவராணிக்குக் கெட்ட பெயர் வந்துவிடக் கூடாதென்று, பிள்ளைக்குப் பேன் பார்ப்பதுபோல ஒவ்வொரு செடியையும் பார்த்துப் பார்த்துப் பறித்திருந்தார்கள்!

"எப்பிடி நம்ம கொழுந்து?" என்று கண்ணடித்தாள் வினோதா. அடுத்த வருடம் படிக்கப்போக முதல் ஆளாகப் பெயர் கொடுத்து வைத்திருப்பவள். "எல்லாம் ஒனக்காகத்தான்டி. ஒரு குப்பை இருக்காது பாரு!"

'அடிப் பாவி' என்று ஜீவராணி வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டாள்.

பரீட்சகர் மணியைப் பார்த்தார்.

"தங்கச்சி, கொழுந்து அருமை. ஆனா நீங்க ஒரு பிழையையும் பிடிக்கல்லன்னா நான் எதுக்குப் புள்ளி போடுறது? இன்னும் எத்தனை பேர்?"

"ஒருத்தவங்கதாங்க சார்."

வரிசையின் கடைசியில் நின்றது வேலாயி. ஜீவராணியின் மாமியார்.

போச்சு. வேலாயியின் கூடையில் குறை சொன்ன கணக்கப்பிள்ளை இந்தத் தோட்டத்தில் இன்னும் பிறக்கவில்லை. முப்பது வருடமாக அவள் கொழுந்தைக் காட்டித்தான் மற்றவர்களுக்கே பறிக்கச் சொல்லிக்கொடுப்பார்கள்.

வேலாயி கூடையைக் கவிழ்த்தாள்.

இளம்பச்சைக் குவியலின் நடுவே கரும்பச்சையாய், தடித்து, கை அகலத்துக்கு ஓர் இலை.

பக்கத்திலேயே இன்னொன்று. கிளறினால் பிடிபிடியாக முற்றல்!

ஜீவராணியின் நெஞ்சுக்குள் தப்பு மேளம் அடித்தது. குதித்துவிடாமல் இருக்கக் கால்விரல்களை மண்ணில் ஊன்றிக்கொண்டாள்.

ஆனால் சொல்ல வேண்டியது யாரிடம்? விடிகாலையில் ஒரே அடுப்பில் ரொட்டி சுட்டுத் தந்தவளிடம்.

"அத்தை... இதுல முத்தல் கெடக்குங்க. பொறுக்கி ஒதுக்கிருங்க."

மடுவத்துத் தலைகளெல்லாம் இந்தப் பக்கம் திரும்பின.

"என் கூடையிலயாடி?" வேலாயி இடுப்பில் கைவைத்தாள். "நேத்து வரைக்கும் எனக்குப் பின்னால நெரை புடிச்சுக் கொழுந்து பறிச்சவ, இன்னைக்கு எனக்கே சட்டம் பேசுறியா? கம்பனிக்காரன் ஒன்னயப் படிக்க வச்சது இதுக்குத்தானா?"

ஜீவராணி ஒரு முற்றலை எடுத்து அவளிடம் நீட்டினாள். குரலை உயர்த்தவில்லை.

"கோவப்படாதீங்க அத்தை. இது பெக்டரிக்குப் போனா எல்லாரோட கொழுந்தும் சேந்து கெட்டுப்போகும். ஒதுக்கிட்டுத் தராசுல வச்சிருவோம். நானும் கூடப் பொறுக்குறேன்."

சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்தே விட்டாள்.

பரீட்சகரின் பேனை ஓடியது, பக்கம் திரும்பியது, மறுபடி ஓடியது. அவர் இலையைப் பார்க்கவேயில்லை, ஜீவராணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொந்த மாமியார்கிட்டயே ஒதுக்கச் சொல்லிட்டீங்க. இதுக்கு மேல என்ன செய்முறை இருக்கு? பரீட்சையில சித்தி!"

துரை பரீட்சகரின் கையைக் குலுக்கி, அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

அவ்வளவுதான். வினோதா தலைத்துண்டை அவிழ்த்து வானத்தில் எறிந்தாள். யாரோ குலவையிட்டார்கள். யாரோ ஜீவராணியின் இடுப்பைப் பிடித்துத் தூக்கி, பாரம் தாங்காமல் இருவருமாகக் கொழுந்துச் சாக்கின்மேல் விழுந்தார்கள். தராசு முள் தானாகவே ஆடியது.

வேலாயி மட்டும் ஓயவில்லை. ரோட்டோரமாக நின்று அவள் ஏசிய ஏச்சு எதிர்மலை வரைக்கும் கேட்டது.

ஜீவராணி சிரித்துக்கொண்டே எழுந்து, ஒதுக்கிய முற்றலைக் கான் வாய்க்காலில் கொட்டப் போனாள். போனவள் நின்றுவிட்டாள்.

இன்று பறித்த மலை முழுக்கப் புது ரகத் தேயிலை. அதன் இலை எத்தனை முற்றினாலும் குறுகல்தான். இதுவோ அகலம். ஓரமெல்லாம் வாடியும் இருந்தது. விடியுமுன்னே பறித்த வாட்டம்.

இப்படி இலை இருக்கிற இடம் அவளுக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான். அவர்கள் லயத்துக்குப் பின்னால், தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில், யாரும் வெட்டாமல் மரமாகவே வளர்ந்துவிட்ட பழைய ரக ஒற்றைத் தேயிலை.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

வேலாயி இன்னும் ஏசிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் கழுத்தை நீட்டி நீட்டி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜீப் வளைவில் திரும்பி மறைந்தது. ஏச்சு பாதிச் சொல்லில் நின்றது.

"போயிட்டாங்களா?" என்றாள் வேலாயி.