கட்டாரில் அடித்த மணி

"காக்கா, ஒங்கட மச்சான் வயல்ல விழுந்து கிடக்கிறாராம். வண்டி சொல்லுது" என்று, மூத்தவன் என்பதால் என்னைக் காக்கா என்றே அழைக்கும் நஸ்மி முதலாளி கட்டாரிலிருந்து போனில் கதைத்தார்.

சோற்றில் வைத்த கையை எடுத்தேன். முதலாளி வாங்கிவிட்ட கமரா பூட்டிய மூன்று ரோபோ வண்டிகள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லிக்கொண்டு எங்கள் நிந்தவூரில் அவருடைய வயல் வரம்பில் ஓடித்திரியும். ஆள் அசையாமல் கிடந்தால் கட்டாரில் மணி அடிக்கும். வரம்பில் புடையன் பாம்பு வேறு திரிந்தது.

"மொகம் தெரியுதா முதலாளி?"

"இல்ல. முட்டுக்கால்ல குனிஞ்சி, நெத்தி மண்ணுல இரிக்கி." பிறகு சிரித்தார். "லுஹர் தொழுகை நேரமெல்லுவா காக்கா. மனிசன் சுஜூதுல இரிக்காரு. போன கிழமையும் இப்பிடித்தான் மணி அடிச்சி என்னப் பயங்காட்டின."

எனக்கு மூச்சு வந்தது. "வண்டிக்குத் தொழுகை தெரியுமா முதலாளி? அதுக்கும் ஓதிக் குடுக்கணும்."

"தொழுறவருக்குக் குறுக்க போகாம நிப்பாட்டிப்போட்டன்."

"எங்க நிக்கிது?"

"அவருக்குப் பின்னால. முன்னால தூரத்துல கடற்கரைத் தென்னையெல்லாம் தெரியிது. நல்ல வடிவு."

நான் எழும்பிவிட்டேன். "திரும்பப் பாருங்க முதலாளி. தென்னை அவர்ர தலைப்பக்கமா, கால்பக்கமா?"

"தலைப்பக்கம். ஏன் காக்கா?"

போனைப் போட்டுவிட்டு, கை கழுவாமல் ஓடினேன். எங்கள் ஊரில் கடல் கிழக்கே. தொழுகிறவர் முகம் வைக்கும் கிப்லா மேற்கே.