அடுப்படிப் பரீட்சை

"அப்பா, நாற்காலியை இன்னும் கிட்டப் போடுங்க. கை நீட்டினா என்னைத் தொடணும்" என்றாள் பத்து வயது மகள்.

லிஃப்ட் மெக்கானிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பதினெட்டாவது மாடியில் கம்பியைப் பிடித்துத் தொங்கும்போதுகூட அவருக்கு இப்படி உள்ளங்கை வியர்த்ததில்லை.

சமையலறை வாசலில் டீச்சர் உட்கார்ந்திருந்தார். மடியில் அட்டை, கையில் பேனா. பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைதோறும் சமையல் வகுப்பு எடுப்பவர். வீட்டுக்கே வந்து, பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு பரீட்சை வைப்பார். அதில் பாஸானால்தான் பிள்ளை வீட்டு அடுப்பைத் தொடலாம்.

போன மாதம் ஃபெயில். அன்று பக்கத்தில் இருந்தவள் மெக்கானிக்கின் மனைவி. மகள் இரண்டு நாள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. "இந்தத் தடவை நீங்களே உட்காருங்க" என்று சொல்லிவிட்டு, இன்று காலையிலேயே மனைவி கடைக்கு நழுவிவிட்டாள்.

இன்றும் கோட்டை விட்டால் பிள்ளையை எப்படித் தேற்றுவது?

மகள் கை கழுவினாள். முடியை இறுக்கிக் கட்டினாள். விரல் நுனிகளை உள்ளே மடக்கிக்கொண்டு கேரட்டை நறுக்கினாள். கத்தி இறங்கும்போதெல்லாம் அவர் நாற்காலி விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார்.

அடித்த முட்டையில் கேரட்டும் கீரையும் வெங்காயமும் விழுந்தன. வாணலியின் கைப்பிடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். ஒரே ஒரு ஸ்பூன் எண்ணெய்.

"கொஞ்சம் தாராளமாத்தான் விடேம்மா."

"உங்க தொப்பைக்கு இதுவே ஜாஸ்திப்பா."

டீச்சரின் பேனா கீறியது. அப்பா நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஹாலில் போன் அடித்தது. மச்சானாகத்தான் இருக்கும், எடுக்கிற வரைக்கும் விடமாட்டார். பாதி எழுந்தவர் எரிகிற அடுப்பைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். அடித்துத் தொலையட்டும் என்று உட்கார்ந்துவிட்டார்.

மறுபடி பேனா கீறியது.

முட்டையைத் திருப்பிப்போட மகள் குனிந்தாள். அவள் தோளில் கிடந்த கைத்துண்டின் நுனி தீப்பக்கம் சரிந்தது. அவர் கை தானாக நீண்டது. வெடுக்கென்று இழுத்தால் பிள்ளை சூடான வாணலி மேல் தடுமாறுவாள்.

"துண்டு" என்றார் மெதுவாக.

மகள் ஓரடி பின்வாங்கினாள். துண்டை எடுத்து மேடையின் அந்தக் கோடியில் போட்டாள். திரும்பி வந்து முட்டையைத் திருப்பினாள். வெந்ததும் அடுப்பை அணைத்து, சிலிண்டரையும் மூடினாள்.

டீச்சர் வெகுநேரம் எழுதினார். அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை.

"டீச்சர், வாயை வெச்சுக்கிட்டு நான் சும்மா இருந்திருக்கணும். அதுக்காகப் பிள்ளை மார்க்குல கை வெச்சிடாதீங்க."

"அவ மார்க்கா? அவளுக்குப் பரீட்சை வகுப்புலயே முடிஞ்சாச்சு சார். அவதான் முதல் மார்க்."

டீச்சர் அட்டையை நீட்டினார். 'இடத்தை விட்டு எழுந்தாரா? பிள்ளை கையிலிருந்து பிடுங்கினாரா? ஆபத்து வந்தபோது பதறாமல் சொன்னாரா?' என்று வரிசையாகக் கேள்விகள். எல்லாவற்றுக்கும் மேலே கொட்டை எழுத்தில், 'உடனிருக்கும் பெரியவருக்கான பரீட்சை.'

"எண்ணெய்க்கு ஒரு மார்க் போச்சு. துண்டுக்கு முழு மார்க். நீங்க பாஸ் சார். முன்னாடியே சொன்னா எல்லாரும் சமத்தா உட்கார்ந்துடுவாங்க, அதான் சொல்றதில்ல."

அவர் விட்ட பெருமூச்சில் தட்டிலிருந்த ஆவி கலைந்தது. பிறகுதான் உறைத்தது.

"அப்போ போன மாசம் ஃபெயிலானது...?"

மகள் தட்டை அவர் கையில் திணித்தாள். "அம்மா என் கையிலிருந்து நாலு தடவை கத்தியைப் பிடுங்கினாங்கன்னு உங்ககிட்ட சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன். ஆறிடும், சாப்பிடுங்கப்பா."