குப்பை லாரி நாரை

மாநகராட்சிக்குப் புதிதாக ஒரு சின்னம் வந்தது. நீலப் பட்டை, அதன்மேல் சிறகு விரித்த வெள்ளை நாரை, அடியில் உருண்டை உருண்டையான எழுத்தில் ஊர்ப் பெயர். அதைப் பெரிதாகச் செய்து ஊர் நுழைவு வளைவின் உச்சியில் வைத்தார்கள். குப்பை லாரியின் கதவிலும் ஒன்றை வரைந்தார்கள்.

வளைவு நாரைக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. லாரி கீழே போகும்போதெல்லாம் முகத்தைச் சுளிக்கும். "இந்த நாத்தத்துல உக்கார்ந்துக்கிட்டு என் மூஞ்சியை வேற வச்சிருக்கியே!"

லாரி நாரை அலகைத் தாழ்த்திக்கொண்டு கடந்துபோகும்.

ஐப்பசியில் பக்கத்துக் கடற்கரை ஊரைப் புயல் புரட்டிப் போட்டது. உதவிக்கு லாரியை அனுப்பினார்கள். போகிற வழியெல்லாம் சேறு. எழுத்து மறைந்தது, சிறகும் மறைந்தது. ஒரு முழம் நீலமும் நீண்ட அலகும்தான் மிச்சம். இந்தக் கோலத்தில் நம்மை யார் மதிக்கப் போகிறார்கள் என்று லாரி நாரை கூனிக் குறுகியது.

முழங்கால் தண்ணீரில் நின்ற ஒருத்தி தூரத்திலேயே பார்த்துவிட்டாள். "அடியே மரியபுஷ்பம், நாரை ஊர்க்காரங்க வந்துட்டாங்கடீ! இனிமே பயமில்ல!" தெருவே திரண்டு ஓடி வந்தது.

சாய்ந்த மரங்களை அகற்றி, தெருத்தெருவாகச் சேற்றை அள்ளிவிட்டு லாரி ஊர் திரும்பியது. வளைவு நாரை அலறியது. "ஐயையோ, இப்படியேவா உள்ளே வர்றே? ஊர் மானம் போகுதுடீ!"

லாரி நாரை காய்ந்த சேற்றோடு அலகை நிமிர்த்தியது.

"ஊர் மானமா, அக்கா? அதைக் காப்பாத்திட்டுத்தான் வர்றேன்."