கடைசிப் பத்துப் பக்கம்

"கடைசில அந்த வாத்தியார் கெணத்துல வுழுந்து செத்துடுவாருடி" என்றாள் இலக்கியா, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி.

தனுஷா படாரென்று புத்தகத்தை மூடினாள். கச்சிராயபாளையத்தில் அவள் ஏறி, பஸ் இன்னும் ஊரைக்கூடத் தாண்டவில்லை. அதற்குள் ஒரு கதை பாழ்.

"உன்ன யாருடி கேட்டாங்க? இன்னும் பத்து பக்கம்தான் இருந்துச்சு!"

"வாய்ல வந்துடுச்சு, வுடு. நேத்து எங்க பலா மரத்துல கரடி ஏறிடுச்சு, தெரியுமா? நான் மட்டும் தனியா வூட்ல..."

தனுஷா பையிலிருந்து அடுத்த புத்தகத்தை எடுத்தாள். கரடி பாதி மரத்திலேயே நின்றுவிட்டது.

இருவரும் கள்ளக்குறிச்சியில் ஒரே கல்லூரி, கடைசி வருடம். தனுஷா வேதியியல், இலக்கியா வரலாறு. பஸ் கல்வராயன் மலையிலிருந்தே கிளம்பி வருவதால், மலைக்காரியான இலக்கியா தன் பையைப் பக்கத்து சீட்டில் வைத்துத் தனுஷாவுக்கு இடம் பிடித்துத் தருவாள். அப்பாவும் அம்மாவும் மிளகு பறிக்கக் கேரளா போனதிலிருந்து அவளுக்கு வாய் ஜாஸ்தியாகிவிட்டது. சீட்டுக்காகத்தான் தனுஷா அதைப் பொறுத்துக்கொண்டிருந்தாள்.

தனுஷாவுக்குப் பேச நேரம் ஏது? ஒரே வருடத்தில் ஐம்பது கதைப் புத்தகம் படித்து முடிப்பவர்களுக்கு நூலகத்தில் சான்றிதழ் தருவதாக அறிவித்திருந்தார்கள். அவளுடைய அப்பா தங்கதுரை கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவர். முதல் வருடம் மகள் ஒரு பேப்பரில் கோட்டை விட்டதற்குக் கதைப் புத்தகம்தான் காரணம் என்று அடித்துச் சொல்கிறவர். நூலக அறிவியல் படிக்கச் சென்னைக்குப் போகிறேன் என்று அவள் வாயைத் திறந்ததும் ஒரே போடாகப் போட்டார்.

"அந்த அம்பது புக்கையும் முடிச்சி சர்டிபிகேட்ட காட்டு. அரியர் ஒண்ணுகூட இருக்கக் கூடாது. ரெண்டும் நடந்தா நானே இட்டுகினு போய் வுடறேன். இல்லனா வூட்டோட இரு."

ரெக்கார்டு நோட்டு, லேப், உள்தேர்வு, செமஸ்டர். எல்லாம் போக அவளுக்கு மிச்சமிருந்தது அந்த பஸ் பயணம் மட்டும்தான். அதிலும் இலக்கியா மண்ணை அள்ளிப் போட்டாள்.

ஒரு கதையில் மாப்பிள்ளை ஆற்று வெள்ளத்தில் போய்விடுவான் என்றாள். இன்னொன்றில் அந்தப் பெண் ஏரியில் இறங்கிவிடுவாள் என்றாள். எழுதுகிறவர்களுக்கெல்லாம் தண்ணீரில் அப்படி என்ன ஆசையோ என்று தனுஷாவுக்கு எரிச்சலாக வரும்.

"உனுக்கு இன்னாடி என்மேல கோவம்? எதையாவது ஒண்ண நானா படிச்சு முடிக்க வுடுடி!"

"சரி, இனிமே சொல்லல. கரடிக்கு அப்புறம் இன்னா ஆச்சுனு நீ கேக்கவே இல்லியே?"

"கரடியாவது கத்திரிக்காயாவது. எனக்கு மதியானம் டெஸ்ட்டு!"

மறுநாள் காலையே இலக்கியா இன்னொரு கதையை முடித்து வைத்தாள்.

முடிவு தெரிந்த கதையில் படிக்க என்ன இருக்கிறது? தேர்வு நெருங்க நெருங்க, கடைசிப் பத்துப் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு அடுத்த புத்தகத்துக்குத் தாவினாள் தனுஷா. ஒருவகையில் நேரம் மிச்சம் என்று தோன்றியது. ஆனாலும் இலக்கியாவை நினைத்தாலே பற்றிக்கொண்டு வந்தது.

டிசம்பர் கடைசி நாள். நூலகம் வைத்த கெடுவும் அன்றுதான். தேர்வுகளை நன்றாகவே எழுதியிருந்தாள். கல்லூரி விட்டதும் ஓட்டமும் நடையுமாக நூலகத்துக்குப் போய், ஐம்பதாவது புத்தகத்தை நூலகர் ஜெயசுதாவின் மேசைமேல் வைத்தாள். பக்கத்திலேயே பெயர் எழுதிய சான்றிதழ் தயாராக இருந்தது.

"அட்டையப் பாத்துட்டு திருப்பித் தரவங்க ஜாஸ்திம்மா. அதான் நான் முடிவ மட்டும் கேப்பேன்" என்ற ஜெயசுதா, அவள் படித்தவற்றில் மூன்றை எடுத்து வந்தார். "சொல்லு. இதுல அந்த வாத்தியார் இன்னா ஆனாரு?"

"கெணத்துல வுழுந்து செத்துட்டாருங்க மேடம்."

ஜெயசுதா கண்ணாடியைக் கழற்றினார். "இதுல மாப்ள?"

"ஆத்து வெள்ளத்துல போயிட்டாருங்க."

"இந்தப் பொண்ணு?"

"ஏரில..." தனுஷாவின் குரல் இறங்கியது. அவர் முகம் போன போக்கு சரியில்லை.

"ஏம்மா, வாத்தியார் ரிடையர் ஆயி காய்கறித் தோட்டம் போடறாரு. மாப்ள துபாய்லேந்து திரும்பி வராரு. இந்தப் பொண்ணு வக்கீலாவுது. மூணுலயும் ஒரு சாவுகூட கெடையாதே! அடுத்த வருஷம் ஒழுங்கா படிச்சிட்டு வா." சான்றிதழ் மேசை இழுப்பறைக்குள் போய்விட்டது.

அடுத்த வருடம் சான்றிதழ் வந்து என்ன செய்ய? அதற்குள் அப்பா வீட்டோடு உட்கார வைத்துவிடுவார். பஸ் நிலையம் வரை அழுகையை அடக்கிக்கொண்டு வந்தாள். மலை பஸ்ஸில் வழக்கம்போல் இலக்கியா இடம் பிடித்து வைத்திருந்தாள். அவளைப் பார்த்ததும் அடக்கியதெல்லாம் வெடித்தது.

"எதைப் படிச்சிட்டுடி முடிவு சொன்ன? எல்லாமே தப்பு! உன்னால சர்டிபிகேட்டும் போச்சு, சென்னையும் போச்சு!"

இலக்கியாவின் முகம் வெளுத்தது. பக்கத்து சீட்டிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் எந்த புக்கடி படிச்சேன்? எல்லாம் அட்டையப் பாத்து நானா வுட்டதுடி."

"நீயாவா? ஏன்டி?"

இலக்கியா தலை குனிந்துகொண்டாள்.

"முடிவு தெரிஞ்சிட்டா புக்க மூடி வெச்சிட்டு எங்கூட பேசுவியேனு பாத்தேன்டி."