துரை வைத்த பெயர்

மூன்றாம் முறையும் ராஜையன் வெறுங்கையோடுதான் மேலே வந்தான். இடுப்பில் இறுக்கியிருந்த தோர்த்துத் துண்டுகூட இல்லை. ஆற்றின் ஒழுக்கு அதையும் உருவிக்கொண்டது என்று நினைத்தார் ஓவர்சீயர் சத்தியநேசன்.

திற்பரப்பு அருவியில் அன்று மழைவெள்ளம். துணி துவைக்க வந்த அன்னக்கிளி கால் வழுக்கி ஆழமான கயத்தில் விழுந்துவிட்டாளாம். அவள் புருஷன் குமாரதாஸ் மாட்டுவண்டிக்காரன். சாட்டைக்கம்பைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் கரையில் அங்குமிங்கும் நடந்தான்.

ஆற்றில் மீன்பிடித்துப் பிழைக்கும் ராஜையனைத் தவிர வேறு யாரும் இறங்கத் துணியவில்லை.

"செத்தாளா இல்லியான்னு எனக்குத் தெரியணும்," என்று குமாரதாஸ் வேட்டியை மடித்துக் கட்டினான்.

சத்தியநேசன் அவன் கையைப் பிடித்து நிறுத்தினார். போன வருஷம் ஆற்றைப் பார்வையிட வந்த வெள்ளைக்கார இன்ஜினீயர் துரை, அருவிக்கு அடியில் குகைபோல இருக்கும் அளையைப் பார்த்து, 'டெத் ட்ராப்' என்று சொல்லிவிட்டுப் போனதை அவனிடம் சொன்னார். ஒடியப்போகும் பாலத்துக்கும் இடியப்போகும் வீட்டுக்கும் அல்லாமல் அதுவரை துரை வாயில் அந்த வார்த்தை வந்ததில்லை.

ராஜையன் பாறையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினான். "அதுக்க அர்த்தத்த இவனுக்குச் சொல்லிக் குடுங்க சாரே."

"டெத்துன்னா சாவு. ட்ராப்புன்னா பொறி. எலிப்பொறி கணக்கா, உள்ள போக வழி உண்டு. திரும்ப வழி கிடையாது."

தண்ணீரைத் தொட்ட காலைக் குமாரதாஸ் இழுத்துக்கொண்டான். உன்னாலும் முடியாதா என்று ராஜையனைக் கேட்டான்.

"அளை வாய்வரைக்கும் போனேன். இன்னும் ஒரு முழம் போனா, பொறவு என்னையும் தேடணும்."

குமாரதாஸ் நுரையையே வெறித்துக்கொண்டு நின்றான். பிறகு தலையில் அடித்துக்கொண்டு, அவள் தாய்வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று வண்டியைப் பூட்டினான்.

சத்தியநேசன் தொப்பியைக் கழற்றிக் கண்மூடினார். அவளுக்காக ஜெபித்தார். சின்னப் பெண், கல்யாணமாகி இன்னும் வருஷம் திரும்பவில்லை. அதற்குள் எத்தனை சாட்டையடி வாங்கிவிட்டாள்.

அவர் கண் திறந்தபோது ராஜையன் மேட்டில் ஏறி, ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான். வண்டி மணி ஓசை தேய்ந்து அடங்கியது. அவன் இறங்கி வந்து, பாறையோடு ஒட்டி நகர்ந்து, கொட்டும் வெள்ளத்துக்குப் பின்னால் தலையை நீட்டினான்.

"அவன் போயாச்சு மக்கா, வெளிய வா."