ஆறரை மணித் தவில்

காலை ஆறரை ஆனதும் இரண்டாவது மாடியில் தவில் முழங்கும். கல்யாண வீட்டுத் தவில் இல்லை. மதிவாணன் வீட்டு ஹோம் தியேட்டரில் ஓடும் தவில். சரியாக அரை நிமிடம். கட்டடமே அதிரும்.

உடனே கீழே, முதல் மாடியில், நீரஜா ஒட்டடைக் கம்பை எடுத்து சீலிங்கை இடிப்பார். டொக், டொக், டொக்.

ராஜா அண்ணாமலைபுரத்தில் அந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் எட்டு வீட்டுக்காரர்களுக்கும் ஆறு மாதமாக இதுதான் அலாரம்.

நீரஜாவின் எதிர்வீட்டுக்காரர் செம்பியன். அசோசியேஷன் செக்ரட்டரி. அநியாயம் என்றால் அவருக்கு ஆகாது. அதுவும் தூக்கம் கெடும் நேரத்தில் நடக்கும் அநியாயம் என்றால் சுத்தமாக ஆகாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, மதிவாணன் வீட்டு ரிமோட் வேலை செய்யவில்லை என்று மெக்கானிக் தல்ஹா வந்திருந்தார். செம்பியன் அவரைப் படிக்கட்டிலேயே மடக்கினார்.

"பாய், ஒரு உதவி. மேல இருக்கற ஆளு காலங்காத்தால தவிலைப் போட்டு உசிரை எடுக்கறார். கீழ ஒரு லேடி தனியா இருக்காங்க. பாவம், வாயில்லாப் பூச்சி. கம்பால இடிச்சு இடிச்சு சீலிங்கே பெயர்ந்துபோச்சு. அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் அடக்கிட்டுப் போங்களேன்."

"அவர்கிட்டயே சொல்லலாமே சார்?"

"சொல்லாமலா? ரெண்டு நோட்டீஸ் குடுத்தாச்சு. 'அவங்களையே கேட்டுக்குங்க'ன்னு சிரிக்கறார். கொழுப்பைப் பார்த்தீங்களா?"

தல்ஹா மேலே போய் ரிமோட்டைச் சரி செய்தார். அப்படியே செட்டிங்கைத் திறந்து பார்த்தவருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"இன்னா சார், கிராஸ்ஓவர் இருநூறுல கீது? எண்பதுதான் கரெக்ட். இந்த நம்பருக்குக் கீழ இருக்கற சத்தமெல்லாம் தரையில கீற பெரிய பொட்டிக்குப் போவும். மேல இருக்கறது சுவத்துல கீற சின்ன ஸ்பீக்கருக்குப் போவும். இருநூறுல வெச்சா, தவில் மொத்தமும் பொட்டி வழியா தரையில இறங்கிடும் சார்."

"இறங்கட்டும்."

"கீழ்வீடு குலுங்கும்."

"குலுங்கட்டும். நான்தான் அப்படி வெச்சேன். அதைத் தொடாதீங்க பாய். டீ சாப்பிடறீங்களா?"

தல்ஹாவுக்குச் சுருக்கென்றது. செக்ரட்டரி சொன்னது சரிதான், கல்நெஞ்சக்காரர்.

மதிவாணன் டீ போட உள்ளே போனார். அந்த இடைவெளியில் இருநூறு எண்பது ஆனது. பெட்டிக்கு அடியில் நாலு ரப்பர் துண்டும் போய்ச் சேர்ந்தது.

டீ நன்றாகத்தான் இருந்தது. தல்ஹாவுக்குத்தான் அவர் முகத்தைப் பார்த்துக் குடிக்க முடியவில்லை.

மறுநாள் காலை ஆறரை. செம்பியன் காபி டம்ளரோடு வாசலில் நின்று காது கொடுத்தார். பக்கத்துத் தெருவில் கல்யாணம் மாதிரி, தவில் லேசாகக் கேட்டது. தரை அசையவில்லை. எதிர்வீட்டில் கம்புச் சத்தமும் இல்லை.

நல்லது செய்த திருப்தியில் காபி கூடுதலாக இனித்தது. அசோசியேஷன் குரூப்பில் போடுவதற்காக 'பிரச்சினை தீர்ந்தது' என்று டைப் செய்யத் தொடங்கினார்.

தவில் நின்றது. மறுபடி அடித்தது. மறுபடி நின்றது.

தடாலென்று எதிர்க்கதவு திறந்தது. நீரஜா ஒரு சாவியைக் கையில் பிடித்தபடி மாடிப்படியில் ஓட்டமும் நடையுமாக ஏறினார்.

"மேடம், இனிமே உங்களுக்குத் தொல்லை இல்ல! நான் சரி பண்ணிட்டேன்!" என்று செம்பியன் பின்னாலிருந்து கத்தினார்.

நீரஜா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மேலேயிருந்து மதிவாணன் தடதடவென்று இறங்கி வந்தார். சட்டைகூடப் போடவில்லை. அவர் கையிலும் ஒரு சாவி. படி திரும்பும் இடத்தில் இருவரும் முட்டிக்கொள்ளாத குறையாக நின்றார்கள்.

"இருக்கீங்களா!" என்ற நீரஜா, அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "அலமாரியில டம்ளர் ஆடலை. தரை அதிரலை. அஞ்சு நிமிஷமா கம்பைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன். உங்களுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு பயந்துட்டேன்."

மதிவாணன் அவருக்கு நேராகக் குனிந்து நிறுத்தி நிறுத்திப் பேசினார். "நானும் ரெண்டு தடவை போட்டேன். உங்ககிட்டேருந்து பதிலே வரலை. முன்ன மாதிரி பாத்ரூம்ல விழுந்துட்டீங்களோன்னு உங்க வீட்டுச் சாவியை எடுத்துக்கிட்டு ஓடி வர்றேன்."

செம்பியன் டம்ளரோடு நாலு படி ஏறி வந்தார். "பதிலா? மேடம் இடிக்கறது, சத்தத்தை நிறுத்துங்கன்னு இல்லையா?"

"நான் தனி ஆள், அவங்களும் தனி ஆள் சார்," என்றார் மதிவாணன், மூச்சு வாங்கிக்கொண்டே. "தவில் அடிச்சா, நான் நல்லா இருக்கேன்னு அவங்களுக்குத் தெரியும். கம்பு இடிச்சா, அவங்க நல்லா இருக்காங்கன்னு எனக்குத் தெரியும். போன் அடிச்சா அவங்களுக்குத் தெரியாது. தரை அதிர்ந்தாத்தான் தெரியும்."

"ஏன், மேடத்துக்குக் காது..."

நீரஜா செம்பியனின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேக்காது. ஏழு மாசமாச்சு," என்றார். "எனக்காக ரெண்டு நோட்டீஸ் அடிச்சீங்களாமே? எதிர்வீட்டுலதானே இருக்கீங்க, என்கிட்ட ஒரு நாள் ஒரு வார்த்தை பேசியிருந்தா உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்."