மஞ்சள் என்றாள்

ரயிலின் துணை ஓட்டுநராகச் செண்பகவல்லி வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அது. மூத்த ஓட்டுநர் மகிமைதாஸ் அதிகம் பேசமாட்டார். சிக்னல் கண்ணில் பட்டதும் நிறத்தை உரக்கச் சொல்வார். அவள் திருப்பிச் சொல்ல வேண்டும். இருவருக்கும் இடையில் அவ்வளவுதான் பேச்சு. அவர் சொன்னதை மறுத்தவர் எவருமில்லை என்று ஓய்வறையில் அவளிடம் சொல்லி வைத்திருந்தார்கள்.

அன்று சாயங்கால வெயில் சிக்னல் கண்ணாடியில் நேராக அடித்தது.

“பச்சை,” என்றார்.

அவள் நெற்றிமேல் கையை வைத்து வெயிலை மறைத்து மறுபடி பார்த்தாள்.

“பச்சைம்மா. சொல்லு.”

“இல்ல சார். மஞ்சள்.”

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். மறுகணமே கை பிரேக்குக்குப் போனது. வண்டி முனகிக்கொண்டே வேகம் குறைந்து, அடுத்த சிவப்புக்கு முன்னால் வந்து நின்றது. எதிரே ஒரு கூட்ஸ் வண்டி சாவகாசமாகத் தண்டவாளம் மாறிக்கொண்டிருந்தது. அதன் கடைசிப் பெட்டி தாண்டும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஊர் போய்ச் சேர்ந்ததும், யாருக்கு எந்த வண்டி என்று ஒதுக்கும் அலுவலகத்துக்குள் அவர் விறுவிறுவென்று நுழைந்தார். தன் கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டே அவளும் பின்னால் போய் நின்றாள்.

“நாளையிலேருந்து என் வண்டிக்கு இந்தப் பொண்ணையே போடுங்க,” என்றார் மகிமைதாஸ். “என்னையே எதிர்த்துப் பேசுது.”

அலுவலர் ஒன்றும் புரியாமல் விழித்தார். செண்பகவல்லிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. திரும்பிப் பார்த்த மகிமைதாஸும் சிரித்துவிட்டார். அவருடைய பற்களை அந்த அலுவலகம் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தது.